பெயர் சொல்லிச் செய்த ஜெபங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பது ஆயாதான். அப்பாவைப் பெற்றவர். இருட்டு விலகுமுன்பே கிணற்றடியில் முகம் கழுவி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, கூடத்து மூலையில் முழங்கால் போடுவார். மனத்துக்குள் ஜெபிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை, வாய்விட்டுத்தான் பேசுவார். பாயில் படுத்துக் கிடக்கும் எங்களுக்கு எல்லாம் கேட்கும். தொடக்கம் வேதாகமத் தமிழில் இருக்கும். ஆலயத்தில் போதகர் ஜெபிப்பதைப் போலவே கிருபை, இரக்கம், பரிசுத்தம் என்று போகும். கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பேச்சுக்கு வந்துவிடும். "ஆண்டவரே, எதிர்வீட்டுப் பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். நேத்து காலெல்லாம் வீங்கிக் கெடந்துது. நீர்தான் பாத்துக்கணும்" என்பார்.

அவர் ஜெபத்தில் வரும் பட்டியல் நீளமானது. பால்காரர், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வேலை கிடைக்காத அண்ணன்கள், ஊரை ஆளும் கலெக்டர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் புருஷன் கடலுக்குப் போன நாளில் காற்று பலமாக இருந்தால், ஆயாவின் குரல் மாறிவிடும். காலை எட்டு மணிக்குக் கூடையோடு அந்த அம்மா வாசலில் வந்து நிற்கும்போது, மீனைப் பார்க்குமுன் "ஊட்டுக்காரரு கரை சேந்துட்டாரா?" என்றுதான் ஆயா கேட்பார். "வந்துட்டாரு ஆயா" என்று பதில் வந்த பிறகே வாய் நிறைய "ஸ்தோத்திரம்" வரும். பேரம் அதற்கப்புறம்தான்.

மார்கழியில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் அதே நேரத்தில் கேட்கும். சிறுவனாக இருந்த நான், சத்தத்தில் எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவங்களும் எழுந்துட்டாங்க, நானும் எழுந்துட்டேன். தூங்கறவங்கதான் சங்கடப்படணும்" என்றார். ஒரு நாளும் அதைக் குறை சொன்னதில்லை. அந்தக் கோயில் குருக்கள் வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் அவரும் மறுநாள் பட்டியலில் இடம்பெறுவார்.

விசுவாசத்தோடு ஜெபிப்பது என்றால் என்ன என்று பின்னாளில் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதன் முதல் பாடம் அந்தக் கூடத்து மூலையில் நடந்தது. ஆயாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரியும். ஆனால் யாருக்காக ஜெபித்தாரோ அவர் வீட்டு வாசலுக்கு அன்றோ மறுநாளோ போய் நிற்பார். ஜெபத்தில் சொன்ன பெயரை அத்தோடு மறந்துவிடுவது அவருக்குத் தெரியாது.

எங்கள் குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அப்பா பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் ஆண்டுகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. 1737இல் சர்தோரியுஸும் கைஸ்டரும் கடலூரில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். நல்ல தமிழறிவு வாய்த்த சர்தோரியுஸ் அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1740இல் சுவீடன் நாட்டுக்காரரான கீர்நாந்தர் வந்து அந்த ஊழியத்தை எடுத்து நடத்தினார்.

அப்பாவுக்குக் கீர்நாந்தர் கதை மிகவும் பிடிக்கும். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் பிடித்தபோது, பதினெட்டு ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று. தரங்கம்பாடி போய், அங்கிருந்து கல்கத்தா போனார். அங்கே அவர் கட்டிய ஆலயம் 1770இல் திறக்கப்பட்டது. பெத் தெபில்லா, அதாவது ஜெப வீடு என்று அதற்குப் பெயர் வைத்தார். "எல்லாத்தையும் பறிகொடுத்தவர் கோட்டை, கொத்தளம்னு பேர் வைக்கல பாரு" என்று அப்பா சொல்வார். இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைத் தேவனாம்பட்டினம் பக்கம் போகும்போதெல்லாம் காட்டுவார். கோட்டை போய்விட்டது, இந்த ஊரில் தமிழில் ஜெபிப்பது நிற்கவில்லை என்பதுதான் அவர் சொல்லவந்த செய்தி.

எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. சாயங்காலம் அந்த வீடுகளிலிருந்து செபமாலை சொல்லும் குரல்கள் வரும். விருத்தாசலம் பக்கத்தில் வீரமாமுனிவர் நிறுவிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்கு ஆண்டுதோறும் போய்வந்து, அவர்கள் பொரியும் பேரீச்சம்பழமும் கொடுப்பார்கள். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கடலூர் வழியாகப் போவார்கள். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காவி உடுத்தி, மாதா சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று செல்லும் கூட்டம். கால் கொப்பளித்து, துணி சுற்றிக்கொண்டு நடப்பார்கள். ஆயா வாசலில் மோர்ப் பானையோடு உட்கார்ந்துவிடுவார்.

சபையில் ஒருவர் ஆயாவிடம் கேட்டார்: "நாம லுத்தரன்காரங்க. அவங்க மாதா கோயிலுக்குப் போறாங்க. நீங்க ஏன் மோர் ஊத்தறீங்க?" ஆயா சொன்னார்: "நான் முட்டி போடறதுக்கே வலிக்குதுங்கறேன். அவங்க ஊர் ஊரா நடந்து கேக்கறாங்க. எவ்ளோ பெரிய கஷ்டமோ என்னமோ." மோர் வாங்கிக் குடிக்கிறவர்களிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டுவைத்துக்கொள்வார். பிள்ளை இல்லை என்பார்கள், மகன் குடிக்கிறான் என்பார்கள், புற்றுநோய் குணமாகிவிட்டது, நன்றி சொல்லப் போகிறோம் என்பார்கள். மறுநாள் விடிகாலை ஊர் பேர் தெரியாத அத்தனை பேரும் எங்கள் கூடத்து மூலையில் ஜெபமாக வருவார்கள்.

பட்டப்படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். கடலூர் துறைமுகம் சந்திப்பில் மீட்டர் கேஜ் ரயில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம். விடுதியில் கிறிஸ்தவ மாணவர்கள் சிலர் மாலையில் கூடி ஜெபிப்போம். அறைத் தோழன் சைவக் குடும்பத்துப் பையன். மார்கழித் திருவாதிரைக்கு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் களி சாப்பிட வைத்தவன்.

சிதம்பரத்தில் படித்தவன் மாணிக்கவாசகரைத் தெரிந்துகொள்ளாமல் வர முடியாது. அவர் இறைவனோடு கலந்த தலம் தில்லை என்பது சைவர்கள் நம்பிக்கை. வகுப்பில் திருவாசகம் நடத்திய ஆசிரியர், ஜி. யு. போப் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்டதைச் சொன்னார். போப் கிறிஸ்தவ மிஷனரி. எண்பது வயதுக் கிழவர். ஒரு சைவ அடியாரின் கண்ணீர் அவரை அந்த வயதில் அப்படி உழைக்க வைத்தது. தமிழ் மண்ணில் கடவுள் முன் உருகி நிற்பது எந்தச் சமயத்துக்கும் புதிதல்ல என்று அன்று உணர்ந்தேன். என் ஆயா முழங்காலில் நின்று அழுததும் அந்த மண்ணின் வழக்கம்தான். அவர் அழுதது இயேசுவின் முன்னால். என் ஜெபமும் இயேசுவின் முன்னால்தான். அந்த விசுவாசம் சிதம்பரத்தில் எனக்குக் குறையவில்லை. பிறர் தொழுகையை மதிக்கக் கற்றதால் அது ஆழப்பட்டது.

படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலில் அம்மா, இரவில் நான். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஆட்களிடையே எனக்கும் ஓர் இடம் பிடித்தேன். அங்கே நான் ஜெபித்ததுபோல் அதற்கு முன் ஜெபித்ததில்லை. அதுவரை சொன்ன அழகான வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "அப்பாவ விட்டுடுங்க ஆண்டவரே" என்பது மட்டுமே வந்தது. அதையே இரவெல்லாம் சொன்னேன்.

சாமுவேலின் புத்தகத்தில் அன்னாள் சீலோவின் ஆலயத்தில் ஜெபிக்கும்போது உதடு மட்டும் அசைகிறது, குரல் வெளியே கேட்கவில்லை. ஏலி என்ற ஆசாரியர் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறார். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்ட கதை. அந்த வராந்தாவில்தான் அது எனக்குப் புரிந்தது. பக்கத்துப் பாயில் ஓர் அம்மா இருந்தார். மகன் லாரி மோதி நினைவில்லாமல் உள்ளே கிடந்தான். கையில் நடராசர் கோயில் திருநீற்றுப் பொட்டலம். அவர் உதடும் அசைந்துகொண்டே இருக்கும், சத்தம் வராது. ஒரு நள்ளிரவில் என்னைப் பார்த்து, "தம்பி, உங்க சாமிகிட்டயும் எம் புள்ளைக்காகக் கேளுப்பா" என்றார். அவன் பெயரைக் கேட்டுக்கொண்டேன். அன்று முதல் அப்பாவுக்காக ஜெபித்த மூச்சிலேயே அவனுக்காகவும் ஜெபித்தேன்.

அப்பாவுக்குத் தன் நிலைமை தெரிந்திருந்தது. ஒரு விடிகாலையில் நான் கட்டிலருகே முழங்காலில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேளுடா. நல்லா கேளு. கேட்டுட்டு அவர்கிட்டயே விட்டுடு." கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்ததைத்தான் அப்பா தன் பேச்சில் சொன்னார். இயேசுவும் அந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கட்டும் என்று வேர்க்க வேர்க்கக் கேட்டார். கேட்காமல் அடங்கிப்போகவில்லை. கேட்டுவிட்டு, பிதாவின் சித்தத்துக்கு விட்டார்.

அப்பா பிழைக்கவில்லை. அந்த அம்மாவின் மகன் கண் திறந்தான். அப்பாவின் உடலை வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பிள்ளைக்குக் கிடைத்தது என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு அப்போது வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதை என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். கசப்பு வந்து உட்கார வேண்டிய இடத்தில் ஆண்டவர் அந்தப் பையனின் பெயரை உட்கார வைத்திருந்தார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். அதற்குள் நாங்கள் மஞ்சக்குப்பத்துக்குக் குடிவந்திருந்தோம். காலை ஆராதனையில் இருந்தபோது வெளியே ஓடுகிற சத்தம் கேட்டது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஈரத் துணியோடு ஜனங்கள் ஊருக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தெற்கே பிச்சாவரம் பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டு என்று கடலோரம் முழுக்க அலை அடித்திருந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம்.

அன்று போதகர் ஆராதனையைச் சுருக்கமாக முடித்து, "கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுத் துணி, வீட்டில் உள்ள அரிசி, பாய், பாத்திரம் எல்லாம் கொண்டுவாருங்கள்" என்று அனுப்பினார். பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாயின. பரங்கிப்பேட்டையில் இஸ்லாமிய ஜமாத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். கோயில்களும் கதவைத் திறந்துவிட்டன. மாவட்ட ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி ஓடி ஓடி வேலை பார்த்ததை ஊரே கண்டது. இரவில் நாங்கள் கூடியபோது அவர் பெயரையும் சொல்லி ஜெபித்தோம். ஆயா உயிரோடு இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

சில நாள் கழித்து ஒரு கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்த ஒருவர், தாம் அன்று காலை ஜெபித்துவிட்டுக் கிளம்பியதால் கடற்கரைக்குப் போகாமல் தப்பித்ததாகவும், ஜெபிக்கிறவனை அலை தொடாது என்றும் சொன்னார். கடைசி வரிசையில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய் உட்கார்ந்திருந்தார். போதகர் எழுந்து அந்தச் சாட்சியை நடுவில் நிறுத்தினார். "தப்பித்தவர்கள் நன்றி சொல்லலாம். இறந்தவர்கள் ஜெபிக்காதவர்கள் என்று இந்தச் சபையில் யாரும் சொல்லக் கூடாது" என்றார். பிறகு அந்தத் தாயின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. நெடுநேரம் அப்படியே இருந்தோம். நான் கலந்துகொண்ட ஜெபங்களில் அதைவிட உண்மையான ஜெபம் வேறு இல்லை.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வளைந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, அதனால் தண்ணீரும் இல்லை. மறுநாள் இரவு வருஷக் கடைசி ஆராதனை. சீரியல் விளக்கும் மைக்கும் கீபோர்டும் இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூடினோம். போதகர் வழக்கமான ஒழுங்கை விட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம் என்றார்.

முந்திரித் தோப்பை இழந்த ஒரு விவசாயி எழுந்தார். முதலில் பிள்ளைகள் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொன்னார். பிறகு கேட்டார்: "ஆண்டவரே, மரம் திரும்ப காய்க்க எத்தன வருஷம் ஆகும்னு உமக்குத் தெரியும். அதுவரைக்கும் கடன் குடுத்தவங்க மனசுல இரக்கத்த வையும். என் தோப்புல கொட்ட பொறுக்க வர்ற பொம்பளைங்களுக்கு இந்த வருஷம் வேல கெடையாது. அவங்க சோத்துக்கு வழி காட்டும்." தோப்பு போன மனிதர் அதில் கூலிக்கு வருகிறவர்களை நினைத்தார். ஆராதனை முடிந்ததும் சபையார் சேர்ந்து அந்தப் பெண்கள் எந்த ஊர், எத்தனை வீடு என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். புத்தாண்டு அன்றே அரிசி மூட்டைகள் போயின.

இந்த ஊர்களில் நான் கண்டதைக் கொண்டு ஒன்றைத் துணிந்து சொல்கிறேன். நெஞ்சார்ந்த ஜெபத்துக்குக் குரல் உயர வேண்டியதில்லை. கண்ணீரும் கட்டாயமில்லை. கேட்டது கிடைத்ததா என்பதை வைத்து அதை அளக்க முடியாது. என் அப்பா விஷயத்தில் கிடைக்கவில்லை, ஆனால் அந்த ஜெபம் பொய்யானதில்லை. உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லவேண்டும், முடிவை அவரிடம் விடவேண்டும், நாம் செய்யக்கூடியதை அவர் தலையில் கட்டாமல் எழுந்து செய்யவேண்டும். பசித்தவனுக்கு ஆகாரம் கொடுக்காமல் சமாதானத்தோடே போ என்று வாழ்த்தி அனுப்புகிறவனை யாக்கோபு தன் நிருபத்தில் கண்டிக்கிறார். ஜெபிக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

இன்று ஜெபக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. விசா, வீடு, கார், பதவி உயர்வு என்று கேட்கச் சொல்லித்தருகிற மேடைகளும் நிறைய. தேவைகளை ஆண்டவரிடம் கேட்பதில் தவறில்லை, பிள்ளை தகப்பனிடம்தான் கேட்கும். ஆனால் நம் ஜெபத்தில் நம் வீட்டுப் பெயர்கள் மட்டுமே இருந்தால் அதில் ஏதோ குறைகிறது. கிடைக்காதவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று பேசுகிற மேடை, இயேசு அமர்ந்து பேசிய இடமாக இருக்க முடியாது. துயரத்தில் இருப்பவர் முன் அப்படி ஒரு வார்த்தை நம் வாயில் வரவே கூடாது.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு முழங்கால் போடும்போது, உங்கள் வீட்டுக்கும் உங்கள் சபைக்கும் வெளியே உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய கஷ்டத்தை விவரமாகச் சொல்லி ஜெபியுங்கள். நாளைக் காலையில் அவரைப் போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.